மேசைக்கு அடியில் மூன்றாவது திரை

இதை நான் ஜோடிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு நடந்தது. அக்கா பொய்யே சொல்லாதவள் என்று சத்தியம் பண்ண மாட்டேன். புதுச் செருப்பு வாங்கிவிட்டு அத்தானிடம் பழசு என்று வாய் கூசாமல் சொல்கிறவள்தான். ஆனால் பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாரு" என்று விரட்டுவாள். அப்பேர்ப்பட்டவளே தன் வாயால் சொன்னது இது. நடந்ததும் நடுச்சாமத்தில் இல்லை. பட்டப்பகலில்.

அந்த வாடகை வீட்டுக்கு அக்கா குடும்பம் குடிபோய் அதிக நாள் ஆகவில்லை. உள்ளறையில் சுவரோடு சேர்த்து அடித்த பெரிய மரமேசை ஒன்று இருந்தது. அந்த மேசைக்காகவே அக்கா வீட்டை எடுத்தாள். அவள் ஒரு ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே அறிக்கைகளை டைப் அடித்துக் கொடுக்கிறாள். ஒரு திரையில் படம் இருக்க வேண்டும், இன்னொன்றில் அறிக்கை. அத்தானுக்கோ வேலை போய்விட்டது. அக்காவுடையது சோதனை வேலை. அன்று சாயங்காலத்துக்குள் கொடுத்ததை முடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

பாழாய்ப்போன ரெண்டாவது திரை அன்றைக்குப் பார்த்துத்தான் மக்கர் பண்ணியது. வரும், கொஞ்ச நேரம் நிற்கும், கறுத்துப்போகும்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மகள் சிட்டு அப்போதுதான் தவழ ஆரம்பித்து வீட்டை ரெண்டாக்கிக்கொண்டிருந்தாள். அதனால் வேலை நேரத்தில் அவளை மேசைக்கு அடியில் விட்டு, தன் கால்களை அணை மாதிரி வைத்துக்கொள்வாள். பிள்ளை சாய்ந்திருக்கிறதா, நகர்கிறதா என்று பாதத்துக்கே தெரிந்துவிடும். குனிந்து பார்க்க மாட்டாள்.

அன்று மதியம் சிட்டு படுக்கையறையில், கம்பி வைத்த தொட்டில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தார். அக்கா போனை மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரைப் பிடித்தாள். அவரை எல்லாரும் 'ஒயர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கேபிளைக் கழட்டி மாட்டினீங்களா மேடம்?"

"நூறு தடவை சார். கேபிளுக்கே என்னைக் கண்டா அலுத்துப்போச்சு."

"டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறங்க. எத்தனை கட்டம் தெரியுது?"

"மூணு."

"மூணா? ரெண்டுதானே வரணும்?"

ஒன்றும் இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தன. மூன்றாவது கட்டம் சின்னதாக, அவற்றுக்கு நேர் கீழே.

"உங்க கம்ப்யூட்டர் ரெண்டு ஸ்கிரீனைத்தான் தாங்கும். மூணாவதா ஒண்ணு வந்து உக்காந்தா ரெண்டாவது கறுத்துடும். அதைத் துண்டிச்சிடுங்க."

துண்டித்தாள். ரெண்டாவது திரை பளிச்சென்று வந்தது. அப்பாடா என்று அக்காவுக்கு உயிர் வந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் தரையில் ஒரு சத்தம். சரக்... சரக்... தவழும் சத்தம்.

"எழுந்துட்டியா கழுதை? வா, வா." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

சத்தம் மேசைக்கு அடியில் போனது. காலில் பாரமாகச் சாய்ந்தது. உடம்பு சில்லென்றிருந்தது. வெறுந்தரையில் வந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

திரை மறுபடியும் கறுத்தது. கட்டம் மூன்று. துண்டித்தாள்.

"ங்..." காலடியில் ஒரு சிணுங்கல். கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கினால் சிணுங்குமே, அந்த மாதிரி.

மறுபடி கறுப்பு. மறுபடி துண்டித்தாள். மறுபடி சிணுங்கல்.

"ஒயரைத் தொட்டே, அடி விழும் பாத்துக்கோ!" என்று கீழே அதட்டினாள்.

"மேடம், துண்டிக்க வேணாம், விடுங்க. அடையாளம் காட்டுன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க. அமுக்கினா அந்தந்த ஸ்கிரீன்ல அதோட நம்பர் வரும். மூணு எங்க வருதுன்னு பாப்போம்."

அமுக்கினாள். முதல் திரையில் பெரிதாக ஒன்று என்ற எண். ரெண்டாவது திரையில் ஒன்றுமில்லை. மூன்றைக் காணோம்.

ஆனால் அவள் மடியில் வெளிச்சம் விழுந்தது.

நீல வெளிச்சம்... கீழேயிருந்து.

காலடியில் ஒரு சிரிப்பு. சந்தோஷமான, சின்னச் சிரிப்பு.

"மேடம்... பாப்பா அழுவுது போல. போய்ப் பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"அழலையே சார். என் கால்கிட்டதானே..."

நிறுத்தினாள்.

கேட்டது. படுக்கையறையிலிருந்து. சிட்டுவின் அழுகை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கத் தெரியாமல் அழும் அழுகை.

அந்தக் கட்டிலிலிருந்து யாராவது தூக்கினால்தான் சிட்டு வெளியே வருவாள். வேலை மும்முரத்தில் அது அக்காவுக்கு உறைக்கவே இல்லை.

காலில் இன்னும் பாரம் இருந்தது.

அக்கா குனியவில்லை.

கணுக்காலை ரெண்டு கைகள் பிடித்தன. சின்னக் கைகள்.

இறுக்கிப் பிடித்தன...

எப்படி உதறினாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலி சாய்ந்தது. வேலையாவது ஒன்றாவது! சிட்டுவை அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் வந்து நின்றாள். அங்கிருந்தே எதிர்வீட்டுக்காரர் போனை வாங்கி எனக்குப் பேசினாள்.

நானும் அத்தானும் போய்க் கம்ப்யூட்டரை எடுத்துவந்தோம். எங்கள் வீட்டில் ரெண்டு திரையும் சமர்த்தாக ஓடின. கட்டம் ரெண்டுதான். ஆபீஸில் ஒயர் எடுத்துச் சொன்னதால் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். வேலை நிலைத்தது.

ஆனால் கம்ப்யூட்டரைக் கழற்றும்போது அத்தான் மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பலகையின் அடிப்பக்கத்தில் நாலு ஸ்குரூ ஓட்டைகள். எதையோ மாட்டி வைத்திருந்து கழற்றிய தடம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கீழ்வீட்டு அம்மாதான் சொன்னார். முதலில் தயங்கினார். அத்தான் விடவில்லை.

"உங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுவும் இதே மேசையிலதான் கம்ப்யூட்டர் வேலை. குழந்தை தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மேசைக்கு அடியில சின்னதா ஒரு டிவி மாட்டி, பொம்மைப் படம் போட்டு விட்டுடும். ஒரு நாள் அந்தக் குழந்தை ஒயரைப் பிடிச்சு இழுத்திருக்கு... கரண்ட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு மேசையில வேலை பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கு. கால்ல சாஞ்சு தூங்குதுன்னு நெனச்சிருக்கு."

அக்கா வீட்டை மாற்றிவிட்டாள். இப்போது நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் வேலை செய்கிறாள். காலைத் தொங்கப்போடுவதே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஏதோ வேலையாக ஒயர் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"பாப்பா எப்படி இருக்கு மேடம்? இந்த வயசுக்கு நல்லாத்தான் பேசுது."

"பேசுதா? எப்ப சார் கேட்டீங்க?"

"அன்னிக்குத்தான். நீங்க அழுகைச் சத்தம் கேட்டு ஓடினீங்களே, போன் ஆஃப் ஆகல. அப்புறமும் பாப்பா போன் பக்கத்துலயே இருந்துச்சு. 'அம்மா, படம் போடு... அம்மா, படம் போடு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

சிட்டுவுக்கு இன்றுவரை 'அம்மா' என்றுகூடச் சொல்ல வரவில்லை.