இரண்டாவது உருண்டை

1. தராசு

லேகியம் தின்றுவிட்டு மருந்துத் தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத டிஸ்பென்சர் ஊவா மாகாணத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் அவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. அந்த மட்டுக்கு என்னைவிடப் புத்திசாலிகள்.

அப்போது எனக்கு லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. ரயில் பதுளைக்கு வந்து சேராத காலம். என் டிஸ்பென்சரி தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் ஓர் அலமாரி, ஒரு மேசை, மேற்படி தராசு. காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், உடம்பு சரியில்லை என்கிறவர்களுக்கு அங்கேயே மருந்து. வாயில் ஊற்றிவிட்டு, விழுங்குகிற வரை நான் எதிரிலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சல் மருந்தான கொயினாவைப் பக்கத்துத் தேயிலைச் செடிக்கு வார்த்துவிடுவார்கள். அந்தச் செடிகளுக்குக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததில்லை.

அதிகம் செலவானது பேதி உப்புதான். பெரட்டில் கொடுத்தால் பத்து மணித் தேத்தண்ணிக்குள் விஷயம் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இன்னொரு டோஸ். "பிடிக்கலேன்னா மறுபடி வாங்க." வருஷக்கணக்காக நான் அந்தத் தோட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியம் மொத்தமும் இந்த மூன்று சொல்லுக்குள் அடங்கும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தூக்கமும் போயிற்று. மருந்து எடுக்கப் பதுளைக்குப் போனபோது நாட்டு மருந்துக்கடை காசிம் நானாவிடம் சொன்னேன். பதுளையில் என்னை டொக்டர் என்று கூப்பிடுகிற ஒரே மனிதர் அவர். ஆகவே அவர் கடையில்தான் எதையும் வாங்குவேன். ஒரு சின்னப் பீங்கான் ஜாடியை எடுத்து வைத்தார்.

"கஞ்சா சேர்ந்திரிக்கி டொக்டர். சுண்டக்கா அளவு போதும். திண்டுட்டு சும்மா இரிங்க."

"எவ்வளவு நேரத்துல பிடிக்கும்?"

"அது அதுட இஷ்டம். நமக்கு அவசரம் இரிக்கிறது அதுக்குத் தெரியாது."

இதே மூலிகையில் வடித்த டிங்சர், சீமையிலிருந்து வந்தது, என் அலமாரியிலேயே இருந்தது. அதைத் துளித் துளியாக எண்ணித்தான் ஊற்றுவேன். கறுத்த குப்பி, கசப்பு, ஆங்கில லேபிள் எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்திருந்தன. கருப்பட்டியும் நெய்யும் ஏலக்காயும் மணக்கிற பண்டத்தை மருந்தென்று ஒப்புக்கொள்ள என் படிப்பு இடம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு, சுண்டைக்காய் அளவு தின்றேன். ஒரு மணி நேரம் புத்தகம் படித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காசிம் நானா எனக்கு வெறும் அல்வாவை விற்றுவிட்டார் என்ற தீர்மானத்துக்கு வந்து, நெல்லிக்காய் அளவில் இன்னொரு உருண்டை தின்றேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு முதல் உருண்டை வந்து சேர்ந்தது. அது போவதற்குள் இரண்டாவதும் வந்தது. நாக்கு கம்பளித் துணியாயிற்று. நெஞ்சு தேயிலை உருட்டுகிற பெக்டரி ரோலர் மாதிரி சுற்றியது. தராசு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதிலிருந்து கையை எடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விடுவேன் என்று திட்டமாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, தன் நாயின் காதுப் புண்ணுக்கு மருந்து கேட்டுத் தோட்டத்துத் துரை வந்தார்.

"என்ன டிஸ்பென்சர், சொகமில்லையா?"

என் நிலைமையை நல்ல ஆங்கிலத்தில், காரண காரியத்தோடு, நீளமாக விளக்கினேன். நான் "தராசு, தராசு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததாகத் துரை பிற்பாடு ஆபீஸ் பெரிய கிளாக்கரிடம் சொன்னாராம். மறுநாள் மத்தியானம்தான் நான் நானானேன். காய்ச்சலா என்று எல்லாரும் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

2. பெரிய கங்காணி விடைபெறுகிறார்

அடுத்த வருஷம் தோட்டத்துக் கோயிலில் ஆடு வெட்டினார்கள். அன்று அரை நாள் வேலை. பிற்பகலில் பெரிய கங்காணி முத்தையா வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்து, கங்காணிக்குக் கண் சொருகுகிறது என்றார்.

பெரிய கங்காணி என்றால் தோட்டத்து ஆட்களில் பாதிப்பேர் அவர் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர் சொல்லைத் துரையே தட்டுவதில்லை. மகன் ஆள் சேர்க்கத் திருச்சிப் பக்கம் போயிருந்தான். வீட்டில் சமையல், அவன் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதமே ஆன அங்கம்மா. மற்றபடி கங்காணியின் அக்கா பேச்சியம்மா. அந்த அம்மாள் மூச்சு விட்டாலே அது ஒரு அபிப்பிராயமாக இருக்கும்.

கங்காணி கயிற்றுக் கட்டிலில் நீட்டிக் கிடந்தார். வாசல் நிறைய ஜனம்.

"டாக்டரய்யா, நான் போறேன்" என்றார்.

"என்ன செய்யுதுங்க?"

"நெஞ்சு ஓடுது. நாக்கு ஒட்டிக்கிச்சு. காலு ரெண்டும் என்னுது இல்ல." விரலை மெல்லத் தூக்கிச் சமையலறை வாசலைக் காட்டினார். "இந்தப் புள்ள வச்ச கறியிலதான் என்னமோ இருந்துச்சு."

பேச்சியம்மா அதற்காகவே காத்திருந்தார். "வந்து மூணு மாசம். அதுக்குள்ள சாவிய இடுப்புல சொருகிக்கிட்டா. புருசன் கரையேறி வர்றதுக்குள்ள பெருசை முடிச்சிரலாம்னு பாத்தா."

"நானும் அந்தக் கறியத்தானே தின்னேன்" என்றாள் அங்கம்மா. கையில் அகப்பை இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

லுணுகலைக்குப் போய்ப் போலீசைக் கூட்டிவர ஒரு ஆள் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு வைப்பதற்குள் அவளை வீட்டைவிட்டு இறக்கிவிடுவது என்று முடிவாகியிருந்தது. மாமனாருக்கு விஷம் வைத்தவள் என்ற பெயர் விழுந்துவிட்டால் எந்த லயத்து வீட்டில் அவளுக்குக் கதவு திறப்பார்கள்? பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம். புருஷனும் அந்தப் பக்கம்.

கங்காணியின் நாடியைப் பிடித்தேன். வேகமாக, ஆனால் தெம்பாக ஓடியது. வாந்தி இல்லை, பேதி இல்லை, வயிற்று வலி இல்லை. கண் மிளகாய்ப் பழம். நாக்கில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. இந்த மாதிரி கண்ணையும் நாக்கையும் நான் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன், டிஸ்பென்சரிக் கண்ணாடியில்.

"கங்காணியார், லேகியம் ஏதும் சாப்பிட்டீங்களா?"

"அது இருமலுக்கு."

"எத்தனை உருண்டை?"

"காலையில ஒண்ணு. பிடிக்கல. கறிச்சோறு தின்னுட்டு ஒண்ணு. அதுவும் பிடிக்கல."

"அப்புறம்?"

"சாராயத்துல ஒரு மொடக்கு விட்டுக்கிட்டு இன்னொண்ணு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீங்கதானே பெரட்டுல சொல்றது, பிடிக்கலேன்னா மறுபடின்னு."

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"லேகியம்தான்" என்றேன். "கறியில ஒண்ணுமில்ல."

"நாங்க பாக்காத லேகியமா?" என்றார் பேச்சியம்மா. "எங்க ஊருல தீவாளிக்குத் தீவாளி தின்னுட்டுத்தான் இருந்தோம். தின்ன யாருக்காச்சும் இப்படி ஆச்சுன்னு ஒரு ஆளைக் காட்டுங்க."

அந்த அம்மாள் சொன்ன தீபாவளி லேகியம் சுக்கும் ஓமமும். இது வேறு. அதைச் சொன்னேன், எடுபடவில்லை. தலைப்பாகை கட்டிய ஆள் செருப்பைத் தேடினார். ஒரு ஆளைக் காட்டத்தான் வேண்டியிருந்தது. பெரிய கிளாக்கரும் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பது என் ஜாதகம்.

"எனக்கு ஆச்சு" என்றேன்.

சொன்னேன். இரண்டாவது உருண்டை, தராசு, அழுகை, துரையின் நாய் எல்லாவற்றையும். முதலில் ஒருவர் இருமினார். அப்புறம் வாசல் முழுக்கச் சிரித்தது. "அப்ப காச்சல்னீங்களே?" என்றார் கிளாக்கர். "சொன்னேன்" என்றேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "தராசு பேர் சொல்லியா கூப்பிட்டுச்சு?"

"ஆமாங்க."

"என்னை உத்தரம் கூப்பிடுது."

"பதில் சொல்லாதீங்க. கொஞ்ச நேரத்துல அதுக்கே அலுத்துப் போயிரும்."

கூட்டத்தை வெளியே அனுப்பினேன். கங்காணியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கம்பளி போர்த்தி, கருப்பட்டி கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னேன். சாராயக் குப்பியையும் லேகிய ஜாடியையும் என் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குமேல் செய்ய எதுவுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். அவ்வப்போது, "நான் செத்துட்டேனா?" என்று கேட்பார். "இல்லைங்க" என்பேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, போதை முழுக்க இறங்காமலே, எழுந்து உட்கார்ந்தார்.

"சோறு இருக்கா?"

"இருக்குங்க மாமா" என்றாள் அங்கம்மா.

"கறி?"

"மத்தியானம் வச்சதுதாங்க இருக்கு."

பேச்சியம்மா வாயைத் திறந்தார். கங்காணி அவரைப் பார்க்கவில்லை. "கொண்டா" என்றார். கொண்டு வந்தாள். தின்றார். மறுசோறு கேட்டார். சட்டியைச் சாய்த்து வழித்துப் போடச் சொன்னார். எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றார். லுணுகலைக்குப் புறப்பட்டவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

3. பெரட்டில் நான் மாற்றிக்கொண்ட பேச்சு

இப்போது கஞ்சா மேல் சர்க்காரின் பிடி இறுகிவிட்டது. வைத்தியர் கையால் வந்தாலொழிய அந்த ஜாடியைத் தொடாமலிருப்பது எல்லாவிதத்திலும் நல்லது. ஆனாலும் லேகியம் லயத்துக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக டிஸ்பென்சரிக்கு வருகிற தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகைக்கிற கஞ்சா வாசற்கதவைத் தட்டிவிட்டு வருகிறது. தின்கிற கஞ்சா வயிற்றைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வருகிறது. ஒரு மணி நேரமாகலாம், இரண்டாகலாம், வயிறு நிறைந்திருந்தால் அதற்கும் மேலாகலாம். வந்தால் அன்று முழுக்க இருந்துவிட்டுத்தான் போகும். ஆகவே பிடிக்கவில்லை என்று இரண்டாவது உருண்டை தின்னவே கூடாது. முதல் உருண்டை தோற்றுவிடவில்லை, வழியில் இருக்கிறது. பேதி உப்பின் சட்டம் இதற்குச் செல்லாது.

ஒரு ஜாடி போல இன்னொரு ஜாடி இருக்காது. ஒரே ஜாடியிலும் மேலே இருப்பது போல அடியில் இருக்காது. புது ஜாடி என்றால் சுண்டைக்காயிலும் பாதியில் தொடங்கச் சொல்லுங்கள். சாராயத்தோடு சேரவே கூடாது. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிறவளுக்கும், நெஞ்சு நோய்க்காரருக்கும், முன்பு சித்தம் கலங்கியவருக்கும் வேண்டாம். தின்றவர் ரோலர் பக்கமோ செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திப் பக்கமோ மறுநாள் வரை போகக் கூடாது. குழந்தைகளுக்கு அது மிட்டாய். பூட்டி வைக்கச் சொல்லுங்கள். குழந்தை தின்றுவிட்டால் தூங்கித் தெளியட்டும் என்று விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். பெரியவர்களாக இருந்தாலும் மூச்சு தடுமாறினாலோ, எழுப்பி எழவில்லை என்றாலோ, நெஞ்சு வலித்தாலோ அப்படியே. மற்றவர்களுக்கு இருட்டறை, தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள். சாக மாட்டீர்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்லுகிற ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள்.

இவ்வளவையும் நான் கற்றுக்கொள்ள என் மானம் செலவாயிற்று. ஒரு பெண்ணின் வாழ்க்கை அதனால் தப்பியதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு உண்டு. ஒரு வாரம் கழித்து விரல் வெட்டுக்கு மருந்து கட்ட அங்கம்மா வந்தபோது, கட்டுப் போட்டுக்கொண்டே அந்தப் பேச்சை நான்தான் எடுத்தேன்.

"அன்னிக்கு நான் அதைச் சொல்லலேன்னா உன் பாடு என்ன ஆயிருக்கும்?"



"மாமா மறுசோறு கேட்டாரு பாருங்க, அதுலதாங்க அத்தை வாய் அடைச்சுச்சு. நீங்க உங்க கதையச் சொன்னீங்கள்ல, அப்ப அவங்க என்ன சொன்னாங்க தெரியுமாங்க? பாவி, டாக்டரய்யாவுக்கும் இவதான் வச்சிருக்கான்னாங்க. உங்களுக்கு அது ஆனப்ப நான் கலியாணமாகித் தோட்டத்துக்கே வரலைங்க."