நாற்பதைக் கூட்டியவன்

என் கூட்டாளி காப்பியடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தெரியாது என்று சொன்னேன்.

மகன் வாங்கி அனுப்பியிருக்கும் தெர்மாமீட்டர் செல்சியஸில்தான் காட்டுகிறது. நேற்று முப்பத்தெட்டரை. என் காலத்து ஆளுக்குக் காய்ச்சல் என்றால் நூற்றொன்று, நூற்றிரண்டு என்று சொன்னால்தான் உறைக்கும். கட்டிலில் உட்கார்ந்தபடி நாற்பதைக் கூட்டினேன். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, மறுபடி நாற்பதைக் கழித்தேன். நூற்றொன்று புள்ளி மூன்று. இந்த வழி என்னுடையதல்ல.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, என் கூட்டாளியும் நானும் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வேலைக்குப் படித்தோம். அவன் அப்பா தண்டவாளக் கூலி. குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில். மாலையில் அங்கே அடுக்கிக் கிடந்த தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்து படிப்போம். புத்தகத்தில் சென்டிகிரேட், ஆஸ்பத்திரியில் பாரன்ஹீட். முப்பத்திரண்டை எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்று எனக்கு எப்போதும் குழம்பும்.

"மைனஸ் நாப்பதுல ரெண்டும் ஒரே நம்பர்தான்லா. அங்க போயி நின்னுக்க. முதல்ல நாப்பதக் கூட்டு, கடைசில நாப்பதக் கழி. திரும்பி வர்றப்பவும் அதேதான், ஒம்பதையும் அஞ்சையும் மட்டும் இடம் மாத்திக்க" என்றான். அவ்வளவு குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இருவரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம்.

தேர்வில் முப்பத்தொன்பது சென்டிகிரேடை மாற்றச் சொன்னார்கள். இருவர் விடையும் நூற்றிரண்டு புள்ளி இரண்டு. நான் பயந்துபோய்ப் புத்தக வழியில் போட்டிருந்தேன். அவன் தாளில் முப்பத்திரண்டு எங்குமே இல்லை. பக்கத்திலிருந்த என்னைப் பார்த்து விடையை எழுதிவிட்டு, நடுவில் தோன்றிய எண்களைப் போட்டு நிரப்பியிருக்கிறான் என்று தாளைத் திருத்திய பெரிய டிரஸ்ஸர் முடிவு கட்டினார். அவன் விளக்கத் தொடங்கியதுமே அதட்டி நிறுத்திவிட்டு, இப்படி ஒரு வழி உண்டா என்று என்னைக் கேட்டார். கிள்ளான் டிஸ்பென்சரி ஒன்றில் காலியாயிருந்தது ஒரே இடம். எங்கள் இருவரில் ஒருவருக்கு.

"தெரியாதுங்கய்யா" என்றேன்.

அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள். கிள்ளான் இடம் எனக்கு வந்தது.

சில ஆண்டுகள் கழித்துப் பெரிய டிரஸ்ஸரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பழைய கதையைக் கிளறாதே என்று தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். என் கூட்டாளி அப்போது கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் குடியிருந்த கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமத்துக்கு, வீட்டைத் தேடிப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீ சொல்லித்தான் தெரியணுமா? அன்னிக்கு நீ என்னையப் பாக்கல, சுவத்தப் பாத்த." பிறகு, "இப்ப எப்படி மாத்துற? முப்பத்திரண்டா, நாப்பதா?"

நாற்பது என்றேன். அவன் உள்ளே போய்விட்டான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், காய்ச்சலில் துவண்டு கிடந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என் டிஸ்பென்சரியைத் தாண்டிப் போனான். தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே படியிறங்கி ஓடினேன். அவன் நிற்கவில்லை. கடைத்தெருக் கோடியிலிருந்த சீன வைத்தியரிடம் போனான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், பிறகு பாசாரில் காய்கறி வாங்கும்போது அவளைப் பார்த்திருக்கிறேன். அன்று அவளுக்கு எத்தனை டிகிரி என்று மட்டும் எனக்குத் தெரியாது.

இன்று காலை முப்பத்தேழு. நாற்பதைக் கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு, காய்ச்சல் விட்டுவிட்டது. சொல்ல வீட்டில் யாருமில்லை. தெர்மாமீட்டரை உதறி உறைக்குள் போட்டேன்.