லிஃப்ட்காரர் கடல் கடந்த விதம்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடலைக் கடக்க ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கியபோது, உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூட முடியாதே என்றார்கள் உறவுக்காரர்கள். லிஃப்ட் குழிக்குள் குனிந்தே சம்பாதித்தவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஊருக்கே பஸ்ஸம்மா. கிளம்பும்போதே சொல்லிவிட்டார்:

"அந்தக் கரை வரைக்கும் வரேன். திரும்பறது உங்களோட படகுலயா, ஃப்ளைட்லயான்னு இறங்கினப்புறம் சொல்றேன்."

ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் சுக்கான் பிடித்தாக வேண்டும். பஸ்ஸம்மா ஃப்ளைட் ஏறினால் படகை அங்கேயே விற்க வேண்டியதுதான். லிஃப்ட்காரர் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து விழித்திருப்பதே அபூர்வமாக இருந்தது. சண்டைக்கும் நேரமில்லை.

சுக்கான் கட்டை மட்டும் பஸ்ஸம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"இடது பக்கம் தள்ளினா வலது பக்கம் போகுது. உங்களை மாதிரியே."

"பழகிடும்."

"உங்களோட பழகிட்டேனா?"

லிஃப்ட்காரர் எங்கே கிளம்பினாலும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார், 'போயிட்டு வரேன்'தான். சுக்கானைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகும்போதும் அதையே சொன்னார். படுக்கை மூன்றடி தள்ளி இருந்தது.

"எங்க, வெளியூரா?" என்பார் பஸ்ஸம்மா. தன் முறை வரும்போது வேண்டுமென்றே "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பார்.

நடுக்கடலில், பாயை ஏற்றி இறக்கும் கயிறு பாய்மர உச்சியில் சிக்கிக்கொண்டது. பாய் இறங்க மறுத்தது. எதிரே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லிஃப்ட்காரர் வேறொரு கயிற்றில் பலகை கட்டி உட்கார்ந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். கயிற்றைச் சுற்றி அவரை மேலே தூக்கும் கைராட்டினம் பஸ்ஸம்மாவின் கையில்.

"போயிட்டு வரேன்."

பஸ்ஸம்மா கிண்டல் செய்யவில்லை. "வாங்க," என்றார்.

சிக்கை எடுத்துவிட்டு இறங்கியபோது அவருடைய இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது.

"மெதுவா இறக்கினே. நல்லா இருந்துச்சு."

"பிள்ளைங்க நின்னுக்கிட்டு வந்தா அப்படித்தான் பிரேக் போடணும்."

பாயைச் சுருட்டினார்கள். மழை வந்து போனது.

கரை சேர்ந்ததும், படகைக் கட்டி முடிப்பதற்குள் பஸ்ஸம்மா தோள்பையை மாட்டிக்கொண்டார். பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது.

"போறேன்."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். சுருட்டிய கயிற்றைப் பிரித்து, மறுபடி சுருட்டினார்.

கொஞ்ச தூரம் போன பஸ்ஸம்மா திரும்பி நின்றார்.

"ஏங்க, மேல சிக்குச்சே, அந்தக் கயிறு நைஞ்சு கிடக்கு. அதை நம்பி நான் திரும்பி வரமாட்டேன். எத்தனை மீட்டர் வேணும்?"

சரியான அளவு அவருக்குத் தெரியும். கொஞ்சம் கூட்டியே சொன்னார்.

"அவ்வளவு எதுக்கு?"

"முடிச்சு போட வேணாமா? போயிட்டு வா."

"கடைக்குத்தான் போறேன்," என்றார் பஸ்ஸம்மா. "வெளியூருக்கா போறேன்?"