ஜோதியின் பழைய போனும் காலை மினி பஸ்ஸும்

பாடாலூரிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் இருக்கிறது ஜோதியின் பஞ்சர் கடை. அப்பா ராசாங்கத்திடம் தொழில் கற்றவள். கம்ப்ரெஸர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, மெதுவாகப் பேசவே அவளுக்கு வராது. ரகசியம் சொன்னாலும் ரோட்டைத் தாண்டிக் கேட்கும். பஸ் நிறுத்தத்தில் நிழல் கிடையாது என்பதால், பஸ்ஸுக்கு வருகிறவர்கள் அவள் தகரக் கொட்டகையில்தான் ஒதுங்குவார்கள்.

மினி பஸ் எங்கே வருகிறது என்று காட்ட ஒரு ஆப் வந்தபோது, ஊரில் முதலில் ஏற்றிக்கொண்டது ஜோதிதான். டியூப் முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து விழுந்து எழுந்த போன் அது. இருந்தாலும் ஆப் ஜோராக ஓடியது. அப்புறம் யாரும் தங்கள் போனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் கேட்டார்கள்.

“ஜோதியக்கா, பஸ் எங்கக்கா வருது?”

“ஏரிக்கரை திரும்பிருச்சு! வேம்பக்கா, கூடையத் தூக்குங்க!”

சொல்லிக்கொண்டே ரோட்டுக்கு ஓடிக் கையும் காட்டிவிடுவாள். இதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆனால் நாலு பேர் தன் வாயைப் பார்த்து நிற்கிற அந்தக் காலைநேரம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரு நாள் ஆப் திறக்கவில்லை. புதிதாக ஏற்றச் சொன்னது. ஏற்றப் போனால், உங்கள் போனுக்கு இது கிடையாது என்று கையை விரித்தது. செல்போன் கடை கலைச்செல்வனிடம் ஓடினாள்.

“புது ஆப் வுட்டுருக்காங்கக்கா. பழைய மாடலுக்கெல்லாம் இனிமே கிடையாதாம்.”

“ஏன், என் போனுக்கு என்ன கேடு? உன்னைவிட நல்லாப் பேசுது!”

“போன்ல குத்தமில்லக்கா. பழசுக்கும் சேத்து செஞ்சுக்கிட்டிருக்க அவங்களுக்குக் கட்டுப்படியாகலையாம்.”

பெரம்பலூர் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பானுப்ரியா இதைக் கேட்டதும் எல்லோர் போனிலும் புது ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டாள். “கவலைய வுடுங்கக்கா. இனிமே நாங்களே பாத்துக்குறோம்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஜோதிக்கோ சுருக்கென்றது. இனி என்னை எதற்குக் கேட்கப் போகிறார்கள்? மறுநாளும் அதற்கடுத்த நாளும் வாயைத் திறக்காமல் டயரைக் கழற்றினாள்.

கொட்டகையில் எல்லோரும் போனுக்குள் குனிந்து நின்றார்கள். முதல் நாள் எப்படியோ பஸ் நின்று அவர்களை ஏற்றிக்கொண்டுவிட்டது. இரண்டாம் நாள் சிக்னல் மந்தம். திரையில் பஸ் ஏரிக்கரையிலேயே நின்றுகொண்டிருக்க, நிஜ பஸ் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஜோதி நிமிர்ந்தாள். டயர் லீவரோடு ரோட்டில் பாய்ந்தாள்.

“வைத்திலிங்கண்ணே! நிறுத்துங்கண்ணே!”

பாலத்தைத் தாண்டிப் போய் பஸ் நின்றது. கூடையும் செருப்புமாக எல்லோரும் ஓடினார்கள். டிரைவர் வைத்திலிங்கம் தலையை வெளியே நீட்டினார்.

“என்ன தாயி, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்? நீ கத்தலன்னதும் ஆளில்லன்னு நெனச்சுல்ல போறேன்!”

பஸ்ஸே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். ஜோதிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மறுநாள் காலை பானுப்ரியா தன் போனை அவள் கையில் திணித்தாள். “இந்தாங்கக்கா, நீங்களே பாத்துச் சொல்லுங்க.” வேம்பு தன் போனை ஸ்டூலில் வைத்தாள். தினமும் அதே பஸ்ஸுக்கு வருகிற பெரியவர் அய்யாக்கண்ணு தன்னுடையதைத் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தார். “எங்களுக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா, சொல்லு” என்றார்.

ஜோதி கிரீஸ் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பார்க்கவே வேண்டியதில்லை. பஸ் கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் ஒருவர் நகரவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பஸ் வந்துருச்சு!” என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள் ஜோதி.