கையில் கொடுத்த கத்தி

மாமா அந்தக் கத்தியை அம்மாவின் கையிலேயே கொடுத்தார். எல்லாம் கெட்டது அங்கேதான் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். கத்தியைக் கைக்குக் கை மாற்றக் கூடாது, சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்ட அம்மாவே அன்று அதை மறந்து கையை நீட்டிவிட்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். வண்டூரில் எங்களுக்கென்று இருந்தது மாமா மட்டும்தான். அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தாள். தீவில் கடிகாரம் டில்லிக்குச் சொந்தம், சூரியன் எங்களுக்குச் சொந்தம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அம்மாவுக்கு வேலை முடிவதோ ஆறு மணிக்கு. பாக்குத் தோப்பு வழியாக வரும் மண்பாதையில் ஒரு விளக்கும் கிடையாது. மாமாதான் தினமும் தன் பழைய ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு வருவார். அதன் மஞ்சள் வெளிச்சம் தள்ளாடிக்கொண்டே தோப்புக்குள் நுழைவதைப் பார்த்துத்தான் நான் உலையில் அரிசி போடுவேன்.

பிறகு மாமாவுக்குக் கல்யாணம் ஆனது. போர்ட் பிளேர் பக்கம் பத்துபஸ்தியில், மாமியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோவதாக ஏற்பாடு. போவதற்கு முந்தின நாள் கத்தியோடு வந்தார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்ததாம். மடக்குக் கத்தி. விரித்தால் அலகு கிளிமூக்காக வளைந்து நின்றது. பிடியின் முனையில் விரல் நுழைக்க ஒரு வளையம். எங்கள் அரிவாள் குட்டி போட்டால் இப்படித்தான் இருக்கும்.

"இத வச்சு நெத்திலிகூட ஆய முடியாதேல," என்றாள் அம்மா.

"மீனுக்கு இல்லக்கா. எவனாவது வழி மறிச்சா இருக்கட்டும்னு. வெரல வளையத்துக்குள்ள வுடு. புடிச்சு இழுத்தாலும் கையவிட்டுப் போகாது. பிறகு ஃபிக்கரே கெடையாது, கவலய வுடு."

வெட்டிப்போட்ட வாழைமரம் ஒன்றை வேலியில் சாய்த்துவைத்து மாமா பாடம் நடத்தினார். அம்மா ஒவ்வொரு முறை ஓங்குவதற்கு முன்பும் சிலுவை போட்டுக்கொண்டாள். "நீ செபம் முடிக்கதுக்குள்ள அவன் போர்ட் பிளேர் போய்ச் சேந்துருவான்," என்றார் மாமா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, கத்தியை மடக்கினாள்.

"ஆளு நிக்க வேண்டிய எடத்துல கத்திய வச்சிட்டுப் போற, என்னல?"

மாமா வாழைமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்றவர் வரவில்லை. முதலில் போனாவது வந்தது. அது அடித்து ஓயும்வரை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள், எடுக்க மாட்டாள். அப்புறம் போனும் நின்றது. பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் நானும் பல்லியும்தான். இருட்டத் தொடங்கியதும் பல்லியும் டியூப்லைட்டுக்குப் பின்னால் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நான் வாசற்படியில் உட்கார்ந்து தோப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பெரிய இருட்டில் அவ்வளவு சின்ன அம்மா தனியாக நடந்து வர வேண்டும் என்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

ஒருநாள் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். விரித்த கத்தி கையிலேயே இருந்தது. வளையத்துக்குள் போன விரல் விறைத்து வெளியே வர மறுத்தது. சோப்புத் தண்ணீர் விட்டு, அலகு படாமல் நான்தான் மெல்ல உருவி எடுத்தேன்.

"ஒருத்தன் பைக்குல பின்னாலயே வந்தான், மக்களே. இத விரிச்சேன். போயிட்டான்."

கத்தி வேலை செய்துவிட்டது. அப்படியும் அம்மா அழுதாள். கத்தி போதவில்லை, மாமா வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். சண்டைக்குக் காரணம் எனக்குத் தெரியும், பரிகாரமும் தெரியும். கத்தியை முறைப்படி கீழே வைத்து, மாமாவை எடுக்கச் செய்ய வேண்டும். கைமாற்றின தோஷம் கழிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு அம்மாவுக்கு விடுமுறை. பூசை முடிந்து வந்து அயர்ந்து தூங்கினாள். மாதா படத்துக்குப் பின்னால் இருந்த கத்தியை மறைக்கல்விப் பையில் போட்டுக்கொண்டு பத்துபஸ்திக்குப் பஸ் ஏறினேன். "அகேலி ஹை க்யா?" என்றார் கண்டக்டர், தனியாகவா என்று. ஆமாம் என்றேன். அந்த நாட்களில் யார் கேட்டிருந்தாலும் அதுதான் பதில்.

மாமா லுங்கியோடு வெளியே வந்தார். நான் கத்தியை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றேன்.

"எடுங்க மாமா."

அவர் முகம் என்னவோ போல ஆனது. "அம்மா குடுத்தனுப்பிச்சாளா?"

"கையில குடுக்கக் கூடாதுல்லா," என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லுங்கியை மடித்துக் கட்டினார். பிறகு குனிந்து எடுத்தார். "சரி" என்றார். மாமி ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். மாமா என்னை பஸ் ஏற்றி, வண்டூரில் பத்திரமாக இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் இரண்டு முறை சொன்னார். ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். நாளைக்கே ஸ்கூட்டரோடு வந்துவிடுவார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா அடிக்கவில்லை.

"என்ன சொன்னான்?"

"சரின்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் அவள் வெறுங்கையோடு வேலைக்குப் போனாள். ஆறு மணிக்கு மேல் தோப்பில் அவள் உருவம் தெரிந்தது. அதற்குப் பின்னால், நல்ல தூரத்தில், ஒரு வெள்ளை ஹெட்லைட். ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அந்த பைக்குக்காரன்! கத்தியும் இல்லை, கொண்டுபோய்க் கொடுத்தது நான். "ஓடி வா, ஓடி வா" என்று கத்தினேன். அம்மா ஓடவில்லை. வெளிச்சத்தில் பாதை பார்த்து, சாவகாசமாக நடந்து வந்தாள். அவள் படியேறிய பிறகு அந்த விளக்கு திரும்பிப் போனது.

அன்றிலிருந்து தினமும் வந்தது. நான் கதவைத் தாழிட்டு அரிவாள்மனையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வேன். "அது ஒண்ணும் செய்யாது, சாப்புட வா," என்பாள் அம்மா. பயமே இல்லாத அவள்மேல் எனக்குக் கோபமாக வரும்.

நான் பெரியவளான பிறகு மாமி சொன்னாள்: "ஒங்கம்மா கத்தியத் திருப்பி அனுப்பின மறுநாள்லேருந்து ஒங்க மாமா சாயங்காலம் வீட்டுல இருந்ததே கெடையாது. புது பைக்க எடுத்துட்டு வண்டூருக்குக் கெளம்பிடுவாரு. வாசப்படி ஏறத்தான் அவருக்கு மொகம் இல்ல." திருப்பி அனுப்பியது அம்மா இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம், அவர் அப்படி நினைத்தார் என்றே எனக்குத் தெரியாது. அம்மா சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை. பின்னால் வருவது யார் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். பைக்கிலிருந்து இறங்கி ஒரு வார்த்தை அவன் பேசட்டும் என்று இவளும், நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும் என்று அவரும் அந்தத் தோப்பை எத்தனையோ மாதங்கள் முன்னும் பின்னுமாகக் கடந்திருக்கிறார்கள்.

அந்த மாதங்களில் ஒருநாள் பெருமழை. அம்மா இருட்டில் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தாள். பின்னால் விளக்கு இல்லை. உள்ளே வராமல், சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு வாசலிலேயே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். முழந்தாள்படியிட்டு, வாசலில் நிற்பவளுக்கும் கேட்கும்படி சத்தமாக, அந்த வண்டி இனி ஒருநாளும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.