என் பக்கத்து விளிம்பு

டேபிள் டென்னிஸ் பந்தை நான் ஒருநாளும் அடித்ததில்லை. பொறுக்கியிருக்கிறேன். மந்தைவெளியில் என் மகள் பயிற்சிக்குப் போன மாடிக் கூடத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் கையில் ஒரு கூடையைக் கொடுத்துவிடுவார்கள். மற்ற அம்மாக்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். நான் மாட்டிக்கொண்டேன். அவள் பள்ளி முடித்து, கல்லூரி முடிக்கும்வரை குனிந்து குனிந்து என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

ஆனால் அதில் ஒன்று பிடிபட்டது. மேஜையின் மேல் விளிம்பில் உரசிய பந்து எகிறி எங்கேயோ போகும். அலமாரிக்கடியில் துழாவி எடுக்க வேண்டும். விளிம்புக்குக் கீழே, பலகையின் பக்கவாட்டில் இடித்த பந்து அங்கேயே காலடியில் விழுந்துவிடும். முதல் வகை நல்ல பந்து, அடித்தவருக்குப் புள்ளி. இரண்டாவது அவுட். இரண்டுக்கும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான்.

தேசியப் போட்டி சென்னையிலேயே நடந்த வருடம் அவளுக்கு அரசு வேலைக்கான வயது வரம்பு முடிகிற வருடமாகவும் இருந்தது. கடைசி எட்டுப் பேருக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். காலையில் ஆட்டோவில் போகும்போது அவள் மட்டையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் இட்லியை ஊட்டாத குறையாகக் கொடுத்தேன்.

அரங்கத்தில் ஒரே நேரத்தில் பல மேஜைகளில் ஆட்டம், மேஜைக்கு ஒரு நடுவர். நான் எங்கள் மேஜைக்கு நேர் பக்கத்தில், தடுப்பை ஒட்டிய முதல் வரிசையில் இடம் பிடித்தேன். நடுவர் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து, "மேடம், ஆட்டம் நடக்கும்போது சத்தம் போடக் கூடாது" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என் முகத்திலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது.

இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் கடைசி எட்டு. எதிரே ஆடிய வெளிமாநிலப் பெண் பார்க்கவே நல்ல பிள்ளை. கடைசி செட் ஒன்பதுக்கு ஒன்பது. பதினொன்று எடுப்பவருக்கு வெற்றி. பார்வையாளர் என்று பெயர் வைத்தவனைக் கூப்பிட்டு உதைக்க வேண்டும். பார்ப்பதைத் தவிர ஒன்றுமே செய்ய விடாமல் கட்டிப்போட்டுவிட்டு அதற்கு ஒரு டிக்கெட் வேறு.

அந்தப் பெண் ஓங்கி அடித்தாள். பந்து என் மகளின் மேஜைப் பாதியில், என் பக்கத்து ஓரத்தில் வந்து 'டக்' என்று பட்டு, அங்கேயே விழுந்தது. எகிறவில்லை. பக்கவாட்டில்தான் பட்டது; நான் பார்த்தேன். நடுவரும் சரியாகவே என் மகளுக்குப் புள்ளி கொடுத்தார். பத்து, ஒன்பது. இன்னும் ஒன்றே ஒன்று.

அதற்குள் அந்தப் பெண் கையை உயர்த்தியிருந்தாள். விளிம்பில் உரசி அதிர்ஷ்டத்தில் புள்ளி வந்தால், மன்னித்துக்கொள் என்று கையை உயர்த்துவது இவர்கள் வழக்கம். சத்தத்தை வைத்து அவள் அப்படி நினைத்துவிட்டாள், பாவம். அந்தக் கையைப் பார்த்ததும் என் மகளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து மேஜை ஓரத்தைப் பார்த்தாள். பிறகு நடுவரிடம் தலையை ஆட்டி, விளிம்பைத் தொட்டுக் காட்டி, புள்ளியை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னாள்.

"இல்லடி, இல்ல!" என்று எழுந்துவிட்டேன். அதே நேரம் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் தட்டினார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் நான் பெருமையில் எழுந்ததாக நினைத்து, "உங்க பொண்ணாம்மா? நல்லா வளத்திருக்கீங்க" என்றார். அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

நடுவர் புள்ளி அட்டையைத் திருப்பினார். ஒன்பது, பத்து. அடுத்த பந்தை அவள் வலையில் அடித்தாள். முடிந்துவிட்டது.

திரும்பும்போது தி.நகர் நெரிசலில் ஆட்டோ நகரவே இல்லை. மட்டையை எப்போதும் துடைத்து உறையில் போடுகிறவள், அன்று அப்படியே பைக்குள் எறிந்திருந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாரி கீது? மேட்சு பூட்சா?" என்றார். "நீங்க ரோட்ட பாத்து ஓட்டுங்க" என்றேன்.

சிக்னலில் நின்றபோது அவள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, நீ அந்தப் பக்கம்தான உக்காந்திருந்த?"

"ஆமா."

"விளிம்புலதான பட்டுச்சு?"

அலமாரிக்கடியில் துழாவிய பந்துகள், காலடியில் கிடந்த பந்துகள் எல்லாம் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இந்த ஊரில் வேறு யாரிடம் கேட்பாள்?

"விளிம்புலதான்" என்றேன். "நான் நல்லா பார்த்தேன்."

"எகிறுச்சா?"

"எகிறுச்சு."

அவள் மூச்சு விட்டாள். "அப்ப சரி. இல்லன்னா என்னால தாங்கவே முடியாதும்மா."

பையைத் திறந்து மட்டையை எடுத்தாள். ரப்பர்மேல் வாயால் ஊதி, துணியால் ஓரத்திலிருந்து நடுப்பகுதிவரை நிதானமாகத் துடைத்தாள். "இந்த உறையக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.