அம்மா வந்ததும் காட்டலாம்

மங்குஸ்தான் பழத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சின்னப் பூ ஒட்டியிருக்கும். அந்தப் பூவுக்கு எத்தனை இதழோ, பழத்துக்குள் அத்தனை சுளை. இதை எனக்குக் காட்டியவள் சித்தி, என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. குற்றாலத்தில் பழக்கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், சாரலில் நனைந்துகொண்டே ஒரு பழத்தை வாங்கி என் உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தாள். "எண்ணுட்டி" என்றாள். ஆறு என்றேன். இரண்டு கையாலும் அழுத்தி ஓட்டைப் பிளந்தாள். உள்ளே ஆறு வெள்ளைச் சுளைகள் இருந்தன. இன்னொன்று கேட்டேன், யோசிக்காமல் வாங்கித் தந்தாள். அதில் ஏழு. மூன்றாவதும் கிடைத்தது. ஒரு பழத்துக்கே கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவள், அன்றைக்கு விலையே கேட்கவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. இதைவிட நல்ல நாள் இனி வராது என்று நினைத்துக்கொண்டு மூன்று பழத்தையும் தின்றேன்.

அன்றைக்குத்தான் தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து என் அம்மாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அம்மா இரண்டு வாரமாகத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்று விடிந்ததும் செய்தி வந்திருக்கிறது. பிள்ளை பார்த்தால் பிஞ்சு மனதில் பதிந்துவிடும், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அதற்குச் சித்தியை விட்டால் வேறு ஆள் இல்லை. இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் அவளிடம்தான் ஒட்டுதல். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எங்கள் இருவரையும் குற்றாலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகளின் எல்லா அழுகைக்கும் குற்றாலம்தான் மருந்து. பல் பிடுங்கினாலும் குற்றாலம், காது குத்தினாலும் குற்றாலம். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சித்தியிடம் கைக்கடிகாரம் கிடையாது. போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி மணி கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று ஆயிற்று என்று யாரோ சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் போனாள். பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். முட்டி மோதி உள்ளே போய், தண்ணீர் நேராகத் தலையில் விழுகிற இடத்தில் நின்றவள் வெளியே வருகிற வழியைக் காணோம். எனக்குப் பல் தந்தியடித்தது. "சித்தி, போதும், கை வலிக்கி" என்று கத்தினேன். அவள் பிடியை விடவில்லை. குளிக்கிறதில் என்ன பேராசை இந்தச் சித்திக்கு என்று எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் திரும்பியபோது வீட்டை வாசல்வரை கழுவிவிட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஈரத்தலையோடு இருந்தார்கள். அப்பா மொட்டை அடித்திருந்தார். "திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கு, ஒங்கம்மா சொகமாயி வரணும்லா" என்று யாரோ எனக்கு விளக்கம் சொன்னார்கள். நல்ல பொய் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது எனக்குப் பிடித்தும் இருந்தது. மறுநாள் சாப்பிடும்போது அப்பாவிடமே கேட்டேன்: "எனக்கும் மொட்டை போட்டா அம்மா இன்னும் சீக்கிரம் வந்துருவாள்லா?" பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போன அப்பா திரும்ப வந்து உட்காரவில்லை.

அதற்குப் பிறகு வந்த பதினாறு நாட்களும் சித்தியின் நாட்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. விழித்தது முதல் தூங்குவதுவரை என் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வெண்டைக்காயைக் குறுக்காக நறுக்கி, சொட்டு நீலத்தில் தொட்டு, கிழித்துப்போட்ட நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அச்சு வைத்தோம். நீலப் பூக்களாக விழுந்தன. தீப்பெட்டிகளை நூலில் கோத்துச் செங்கோட்டை ரயில் விட்டோம். சட்டைப் பொத்தான்கள்தான் சக்கரம். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து, பருப்பையும் மிளகையும் ஒட்டி மயில் செய்தோம். நடுவில் பசித்தால் வெல்லப்பாகு காய்ச்சிப் பொரி உருண்டை பிடிப்பாள். பாகு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் உள்ளங்கையில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு என்னையும் ஒரு உருண்டை பிடிக்கச் சொல்லுவாள். என்னுடையது எப்போதும் கோணலாக வரும். "இது ஒங்கம்மாவுக்கு" என்று அதைத் தனியாக எடுத்து வைப்பாள்.

எதைச் செய்து முடித்தாலும் ஒரே வார்த்தைதான். "பத்திரமா வையி, அம்மா வந்ததும் காட்டலாம்." ஒரு பிஸ்கட் தகர டப்பா அதற்கென்று இருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்தின்போது எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சித்தியும் நானும் பக்கத்து வீட்டு மாடியில் காகிதப் பந்து செய்துகொண்டிருந்தோம். கீழே பாத்திரச் சத்தம் கேட்டது. டப்பாவில் இடம் இல்லை, அம்மா வர நாளானால் இன்னொரு டப்பா வேண்டும் என்று நான் சொன்னேன். சரி என்றாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் உட்காரும் பெண், பென்சில் சீவிக்கொண்டே, "ஒங்கம்மா செத்துப் போயிட்டாவல்லா, எங்க வீட்ல சொன்னாவ" என்றாள். நான் ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. எனக்குத் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது போலிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன செய்யணும்?" என்று சித்தியிடம் கேட்டேன். அவள் முகம் அவ்வளவு மலர்ந்தது. அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் கேட்க முடியவில்லை. அன்று தேங்காய்ச் சிரட்டையில் ஆமை செய்தோம். அம்மா வந்ததும் காட்டலாம் என்றாள். சரி என்று டப்பாவில் வைத்தேன். இப்படியே பல நாள் போயிற்று. பிறகு எப்போதோ அந்த வார்த்தையைச் சொல்வதை அவள் விட்டுவிட்டாள். அவ்வளவுதான். அம்மா இறந்துபோனாள் என்று எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவே இல்லை.

அதற்கடுத்த வருடம் சித்தி கல்யாணமாகிப் புளியங்குடிக்குப் போனாள். சித்தப்பாவுக்கு எலுமிச்சைக் கமிஷன் கடை. நல்லது கெட்டதுக்கு வருவாள். நானும் வாங்க என்பேன், காபி கொடுப்பேன், உடம்பைப் பற்றி விசாரிப்பேன். அதற்கு மேல் ஒரு அடி நான் போனதில்லை. என் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் பழம் வாங்கிக் கொடுத்து ஏமாற்றியவள் என்ற கோபம் எனக்குள் கல்லாகக் கிடந்தது. மற்றவர்கள் சொல்லி அனுப்பினார்கள் என்பது தெரியும். ஆனால் கோபப்பட ஒரு முகம் வேண்டியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு போனது அவள்தானே.

வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே சித்தியின் பதினாறு நாள் பாடத்தில்தான் ஓடுகிறது. தென்காசியில் ஒரு மழலையர் பள்ளியில் யு.கே.ஜி. வகுப்பு எனக்கு. பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாமார்கள் சூழ்ந்துகொள்வார்கள். "மிஸ், கையிலருந்து செல்போனப் புடுங்குனா வீட்டையே ரெண்டாக்குதான். என்னதான் செய்ய?" என்பார்கள். வெண்டைக்காய் அச்சைச் சொல்வேன். தீப்பெட்டி ரயிலைச் சொல்வேன். பொரி உருண்டையைப் பிள்ளையையே பிடிக்கவிடுங்கள், கோணலாக வந்தால் திருத்தாதீர்கள் என்பேன். "எப்படி மிஸ் இவ்வளவும் யோசிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். சிரித்துவைப்பேன். இதெல்லாம் எதை மறைக்கக் கண்டுபிடித்தவை என்று எந்தத் தாயிடமும் சொன்னதில்லை.

இந்தக் குற்றாலச் சீசனில் என் கணவர் இறந்துபோனார். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. மூன்று மாதம் ஆகிறது. எழுதும்போதும் யாருடைய வீட்டுச் செய்தியையோ எழுதுகிற மாதிரிதான் இருக்கிறது. அன்று காலையில் போன் வந்த பிறகு நான் செய்த முதல் காரியம், ஊறப்போட்ட உளுந்தை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தது. பிறகு மகளுக்குத் தலை பின்னினேன். அவளுக்கு ஐந்து வயது, பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பந்தல்காரரிடம் எத்தனை நாற்காலி வேண்டும் என்று நானே சொன்னேன். அழுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தவர்களிடம் காபி குடித்தீர்களா என்று கேட்டேன்.

சித்தி புளியங்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஐம்பத்திநான்கு வயது, முழங்கால் வலி, தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். கையில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் இருந்த வண்ணக் காகிதமும் பசை டப்பாவும் ஒரு பொட்டலம் பொரியும் வெளியே தெரிந்தன. என் அருகில் குனிந்து, "ஏட்டி, வண்டி வாரதுக்குள்ள பாப்பாவ நான் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றாள். சுற்றி இருந்த பெண்களும் அதுதான் சரி என்றார்கள். "பச்சப்புள்ள எதுக்கு இதெல்லாம் பாக்கணும்? சித்தி கூட அனுப்பு தாயி."

பாப்பா அதற்குள் பைக்குள் கையை விட்டிருந்தாள். ஒரு நொடி எனக்கும் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தது. அவளிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் போய்விட்டால் நான் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். பெரியவர்களுக்குத்தான் அந்தக் குற்றாலம் தேவைப்பட்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

"வேண்டாம் சித்தி. அவ இங்கனயே இருக்கட்டும். அவ அப்பா முகத்த அவ பாக்கட்டும்" என்றேன்.

"சொன்னாக் கேளு, புள்ள பயந்துரும்."

"பயந்தாப் பயப்படட்டும். எங்கம்மா முகத்த எனக்குக் காட்டாம கூட்டிட்டுப் போனீய. இன்னைக்கு வரைக்கும் நான் பாக்கலல்லா?"

முப்பத்திரண்டு வருடமாக வாயில் வைத்திருந்ததை, கணவர் இறந்த நாளில், நாலு பேர் முன்னால் சொன்னேன். குரல்கூட உயரவில்லை. சித்தி மறுத்துப் பேசுவாள் அல்லது அழுவாள் என்று நினைத்தேன்.

"நானும் பாக்கலட்டி" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"ஒன்னக் கூட்டிட்டு நான் அங்கன நின்னேன்லா. மூணு மணிக்கு எடுத்துருவோம்னு சொல்லித்தான் அனுப்புனாவ. வந்து பாத்தா வீட்டக் கழுவி விட்டுட்டாவ. எங்கக்காவ நானும் பாக்கல. ஒரு வாட்டி அழக்கூட விடல. அழுதா ஒனக்குத் தெரிஞ்சிரும்லா."

பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவளும் ஒரு அக்காவைப் பறிகொடுத்தவள் என்பது இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட என் புத்தியில் உறைத்ததில்லை. பொரி உருண்டை பிடித்த பதினாறு நாளும், எனக்கு எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் துக்கம் கேட்க யார் வந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

வண்டி வந்து நின்றது. அவரை உள்ளே கொண்டுவந்து கிடத்தினார்கள். ஒரு கையில் பாப்பாவையும் இன்னொரு கையில் சித்தியையும் பிடித்துக்கொண்டு போனேன். "அப்பா செத்துப் போயிட்டாவ பாப்பா. இனிமே எந்திரிக்க மாட்டாவ. நல்லாப் பாத்துக்கோ" என்றேன். அதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பாப்பா கிட்டே போய்ப் பார்த்தாள். "அப்பா கண்ணாடி எங்க?" என்று கேட்டாள். யாரோ தேடி எடுத்துக் கொடுத்தார்கள். நான் போட்டுவிட்டேன். அவள் மரிக்கொழுந்து மணக்கும் மாலையைத் தள்ளிவிட்டு அவர் கன்னத்தைத் தொட்டாள். பிறகு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை பயந்துதான் போனது. இப்போதும் சில நாள் பயப்படுகிறாள், கேட்கிறாள், நானும் பதில் சொல்கிறேன்.

என் இன்னொரு கையில் இருந்த பிடி நழுவியது. சித்தி என் கணவரின் தலைமாட்டில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் அறைந்துகொண்டு, "எக்கா… ஏ எக்கா… எங்கள விட்டுட்டுப் போயிட்டியே எக்கா" என்று கத்தினாள். கூடியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு, "எக்கா, மருமவன்லா இது, யாரச் சொல்லி அழுதீய?" என்றாள்.

"விடுங்க, அவிய அழட்டும்" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. சித்தி அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மா செத்துப் போய்விட்டாள் என்று எங்கள் வீட்டில் ஒருவர் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.